விழுந்த சத்தத்திலிருந்து ஏழு

பிப்ரவரி 5, திங்கள்

அன்புள்ள சில்வண்டுக்கு,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி. உன் அப்பா எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன், அவ்வளவு பிடித்துப்போய்விட்டது அந்த வகுப்பு. பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள்.

விஷயம் இதுதான். உங்கள் கம்பெனி நாடகம் எங்கள் தியேட்டருக்கு வந்திருக்கிறது. ஆட்கள் வரவில்லை, தகர டப்பாவில் ஒன்பது ரீல். போன வருடம் உங்கள் மேடையில் நடந்ததை அப்படியே படம் பிடித்தார்களாம். மார்ச் பதினெட்டு வரைக்கும் ஞாயிறுதோறும் பகல் காட்சி. மேனேஜரிடம், "ஓபரான்னா என்ன சார்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் பாடிக்கிட்டே சாவாங்க."

"சாகறதுக்கு முன்னாடி பாடுவாங்களா, பின்னாடியா?"

"ரெண்டும்தான். நீ ரீலைப் பாருய்யா."

உன் அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். கதை உனக்குத் தெரியும், ஆனாலும் எனக்குப் புரிந்ததா என்று பார்க்கச் சொல்கிறேன். கலங்கரை விளக்கத்துக் காவல்காரன் மனைவி, புருஷன் படகேறி இன்னொருத்தியைப் பார்க்கப் போகிறான் என்று நினைத்து, புயலடிக்கிற நேரத்தில் விளக்கை அணைத்துவிடுகிறாள். படகு பாறையில் மோதிவிடுகிறது. அவன் போனது இவளுக்குச் செருப்பு வாங்கத்தான் என்று பிறகு தெரிகிறது. அவ்வளவுதான், உச்சியிலிருந்து குதித்துவிடுகிறாள். ஒரு ஜோடி செருப்புக்கு மூன்று மணி நேரம் அழுகிறார்கள். நானும் அழுதேன், அதை விடு.

இடைவேளையில் அம்மா மேலே என் ஆபரேட்டர் ரூமுக்கு வந்து, "கூடப் பாடற கோஷ்டியில இடமிருந்து மூணாவது, நம்ம பொண்ணு. பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன். அந்தப் பெண்ணின் மூக்கு நம் குடும்பத்து மூக்கே இல்லை. "ஆமாமா, அவளேதான்" என்றேன்.

கடைசி ரீலில் பெரிய பாடகி பாடிக்கொண்டே விளக்குத் தூணுக்குப் பின்னால் போகிறார். மறுபக்கம் வரும்போது நமக்கு முதுகு காட்டி வருகிறார். போனது நூறு கிலோ, வந்தது ஐம்பது. அந்த ஐம்பது கிலோ, குதிப்பதற்கு முன் இடது காது மடலை இரண்டு முறை இழுத்துவிட்டது.

அந்தக் காதை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அலமாரி மேலிருந்து என் கைக்குக் குதிக்கும்போதெல்லாம் அதை அப்படித்தான் இழுப்பாய். குதிப்பது நீதானே?

நீ குதித்து நான் இரண்டு எண்ணுவதற்குள் தொப்பென்று சத்தம். சனிக்கிழமை ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்து, "விழுந்த சத்தம் - ஏழு - லைட்" என்று சீட்டெழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். சத்தம் கேட்டு ஏழு எண்ணி ஹால் லைட்டைப் போட வேண்டும். ஆறென்றால் அவசரம், எட்டென்றால் ஜனங்கள் இருமத் தொடங்கிவிடுவார்கள். நேற்று ஏழு எண்ணிப் போட்டேன். பிறகு சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மெஷின் சூடு என்று வைத்துக்கொள்.

உன் அப்பா
ஆபரேட்டர் ரூம்


பிப்ரவரி 10

அப்பாவுக்கு,

சில்வண்டு என்று இங்கே யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. வந்த முதல் சந்தோஷம் அதுதான்.

ஆமாம், குதிப்பது நான். பாடத்தான் வந்தேன். கோஷ்டிக்குக்கூடக் குரல் போதாது என்றார்கள். உயரம் மட்டும் பெரிய பாடகிக்குச் சரியாக இருக்கிறதாம். வாரம் நான்கு முறை அவருக்காகச் சாகிறேன். பதினோரு அடி. அட்டைப் பாறைக்குப் பின்னால் மெத்தை கிடக்கும். மெத்தைக்காரர் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதற்கு நேராக வைப்பார். தன் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிற மாதிரி இரண்டு முறை சரிபார்ப்பார்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். மூன்றாவதாக நிற்பவளே நானாக இருந்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் சிரிக்கலாம். சிரிப்பீர்கள் என்றுதான் எழுதவில்லை. ரயிலேற்றிவிட வந்தபோது என் பாட்டு டீச்சர் முன்னால் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "நீ பாடப் போறியா? அந்த ஊர்க்காரங்க என்ன பாவம் பண்ணாங்க?" பிளாட்பாரமே சிரித்தது. டீச்சரும்.

ட்ரங்க் கால் போட வேண்டாம். வாசல்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கூவுவார்.

மகள்


பிப்ரவரி 13

அன்புள்ள மகளுக்கு,

பெயரை விட்டுவிட்டேன், பார்த்தாயா.

பிளாட்பாரத்தில் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அழுகை வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தால் வாய் தானாக ஒரு ஜோக்கை எடுத்துவிடும், கொட்டாவி வந்தால் கை வாய்க்குப் போகிற மாதிரி. இது மன்னிப்பில்லை என்று தெரியும். மன்னிப்பை எப்படி எழுதுவதென்று எட்டாம் வகுப்பில் இரண்டு முறையும் சொல்லித் தரவில்லை.

கோஷ்டிக்குக் குரல் போதாதென்று சொன்னவன் காதில் பஞ்சை வைத்திருந்திருப்பான்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நீ குதித்த பிறகு சத்தம் வர மூன்று எண்ண வேண்டியிருந்தது. போன வாரம் இரண்டுகூட ஆகவில்லை. மெஷின் மெதுவாக ஓடுகிறதோ என்று பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. நான்தான் வேகமாக எண்ணுகிறேன் போல. வயதானால் எல்லாம் மெதுவாகும் என்பார்கள், எனக்கு எண்ணுவது மட்டும் வேகமாகிறது.

மெத்தைக்காரரிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அப்பா


பிப்ரவரி 18

அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதத்தையும் எடுத்து வைத்து மறுபடி படித்தேன். எந்தச் சத்தம்?

நான் விழும்போது சத்தமே கேட்காது. மெத்தை ஒன்றரை அடி கனம், உள்ளே முழுக்கப் பஞ்சு. அதோடு அந்த இடத்தில்தான் நாற்பது வாத்தியமும் சேர்ந்து உச்சத்தில் முழங்கும், மத்தளக்காரர் இரண்டு கையாலும் அடிப்பார். எருமை மாடு விழுந்தாலும் யாருக்கும் கேட்காது.

இது ஜோக்காக இருந்தால், நன்றாக இல்லை.

மகள்


பிப்ரவரி 26

அன்புள்ள மகளுக்கு,

ஜோக்கில்லை. ஜோக்காக இருந்தால் நானே முதலில் சிரித்திருப்பேன், உனக்குத்தான் தெரியுமே.

எங்கள் ஹாலில் அந்த இடத்தில் வாத்தியம் நின்றுவிடுகிறது. நீ காதைத் தொட்டதும் எல்லாம் அடங்கிவிடும். பிறகு குதிப்பாய். பிறகு ஒன்றும் இருக்காது. பிறகு தொப்.

டிக்கெட் கிழிக்கிறவரைக் கேட்டேன். "கடைசியில காது கிழியுதண்ணே, வால்யூமைக் குறைங்க" என்கிறார். அம்மாவை ஜாடையாகக் கேட்டேன். "அந்த மத்தளச் சத்தத்துல தலைவலியே வந்துடுச்சு" என்றாள். தொப்பென்ற சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் காது கோளாறு என்று முடிவு செய்து நேற்று இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டேன். மெஷின் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்டது.

ஐந்து எண்ணினேன். அதற்கு முந்தின ஞாயிறு நான்கு.

இன்று தியேட்டர் விடுமுறை. கடைசி ரீலை மட்டும் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்துப் படம் படமாக எண்ணினேன். நீ விளிம்பிலிருந்து காலெடுத்து வைப்பதிலிருந்து பாறைக்குப் பின்னால் மறைவது வரைக்கும் முப்பத்தொரு படம். ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு படம் ஓடும். ஆக ஒன்றேகால் விநாடிதான். மூன்று முறை எண்ணினேன், முப்பத்தொன்றேதான். ரீல் பொய் சொல்லாது. ஆனால் ஓடும்போது நீ இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறாய்.

சிரிக்க ஏதாவது எழுதலாம் என்று ரொம்ப நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா


மார்ச் 3

அப்பா,

உங்கள் கடிதம் வந்த அன்று மாலைக் காட்சியில் நானும் எண்ணினேன். எண்ணியிருக்கக் கூடாது.

எப்போதும் காலை எடுத்தால் "ஒன்" என்று சொல்லி முடிப்பதற்குள் மெத்தை வந்துவிடும். அன்று மூன்று வந்தது. பக்கத்தில் அட்டைப் பாறை தெரிந்தது. பச்சைச் சாயம் உரிந்த ஓர் இடம், அதில் ஒரு ஆணித் தலை. இத்தனை மாதமாகக் குதிக்கிறேன், அந்த ஆணியைப் பார்க்க எனக்கு நேரமே இருந்ததில்லை. மத்தளமும் கேட்கவில்லை.

மெத்தைக்காரரிடம் டேப் வாங்கி அளந்தேன். பதினோரு அடி, அப்படியேதான் இருக்கிறது. "ஏம்மா, வளந்துடுச்சா?" என்று கேட்டார். நான் சிரிக்காததைப் பார்த்துத் தானும் ஒரு தரம் அளந்தார்.

ஒன்று கேட்கிறேன், ஜோக்கடிக்காமல் பதில் எழுதுங்கள். ஏன் ஏழு? ஆறென்றால் அவசரம், எட்டென்றால் இருமல் என்பதெல்லாம் மேனேஜருக்குச் சொல்கிற கதை. என் தாடையில் ஒரு தழும்பு இருக்கிறது. ஐந்து வயதில் அலமாரியிலிருந்து விழுந்தேன் என்று அம்மா சொல்வாள். நீங்கள் அந்தக் கதையை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் கதையாகச் சொல்கிற நீங்கள்.

மகள்


மார்ச் 7

மகளே,

அம்மாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது.

அன்று நீ அலமாரி மேல் நின்றாய். காதை இழுத்துவிட்டு, "அப்பா, பிடி" என்றாய். நான் கையை நீட்டினேன். பிறகு என்ன தோன்றியதோ, விளையாட்டுக்கு ஓரடி பின்னால் போனேன். நீ பயந்துபோய் நிற்பாய், சிரிக்கலாம் என்று. நீ நிற்கவில்லை. அதற்குள் காலை எடுத்துவிட்டாய்.

தொப்பென்று சத்தம். நீ அழவில்லை, அசையவும் இல்லை. பதிலுக்கு நீயும் விளையாடுகிறாய் என்று நினைத்து நான் நின்றேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஏழு எண்ணியிருப்பேன். அதற்குப் பிறகுதான் நீ அழுதாய். அதற்குப் பிறகுதான் நான் குனிந்தேன்.

சீட்டெழுதும்போது இதை நினைக்கவில்லை. கை தானாக ஏழு என்று எழுதியது. நீ கேட்ட பிறகுதான் புரிந்தது.

மார்ச் நாலாம் தேதி ஆறு எண்ணினேன். வாரம் ஒன்று கூடுகிறது. வருகிற பதினொன்றாம் தேதி ஏழாகும், பதினெட்டாம் தேதி எட்டு, அதுதான் கடைசிக் காட்சி. அன்றைக்கு உங்கள் மேடையிலும் கடைசி நாள் என்று விளம்பரத் தாளில் போட்டிருக்கிறது. அன்று குதிக்காதே. எட்டாவதில் என்ன வருமென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

புலி வருது புலி வருது என்று ஆயுசு பூராவும் கத்திச் சிரித்தவன் நான். இந்த ஒரு தரம் நம்பு.

அப்பா


மார்ச் 13

அப்பா,

தழும்பைத் தொட்டுப் பார்த்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஏன் என்று பிறகு யோசிக்கிறேன்.

ஆனால் ஞாயிறு குதிக்காமல் இருக்க முடியாது. சீசனை முடித்துக் கொடுத்தால் அடுத்த வருடம் கோஷ்டியில் சேர்த்துக்கொள்கிறேன் என்று கம்பெனி நடத்துநர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். கடைசி வரிசைதான், ஆனாலும் பாடலாம். இரண்டு வருடம் இதற்காகத்தான் விழுந்தேன். கடைசி நாளில், "எங்கப்பா காதுல ஏதோ சத்தம் கேக்குதாம்" என்று எப்படிப் போய்ச் சொல்வது?

போன காட்சியில் ஐந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டால் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

நான் குதிப்பது அதே நேரம்தான், மாலை ஐந்தரை.

மகள்


மார்ச் 18, ஞாயிறு

மகளே,

இதை ஆபரேட்டர் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதம் நேற்று வந்தது. உடனே மேனேஜர் அறைக்கு ஓடி ட்ரங்க் கால் போட்டேன். இன்றும் போட்டேன். உங்கள் வாசல்காரர், "ஆர்ட்டிஸ்டுங்களைக் கூப்பிட முடியாதுங்க" என்று இரண்டு முறையும் வைத்துவிட்டார். "நான் அவ அப்பா" என்றேன். "எல்லாரும் யாருக்காவது அப்பாதாங்க" என்றார். வேறொரு நாளாக இருந்தால் அந்த மனிதருக்குக் கை கொடுத்திருப்பேன்.

கடைசி ரீலை நான் ஓட்டவில்லை. எட்டாவது ரீல் முடிந்ததும் மெஷினை நிறுத்தி, "ரீல் அறுந்துபோச்சு" என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் கத்தினார், ஜனங்கள் விசிலடித்துவிட்டுப் போனார்கள். ஹால் காலி. கடைசி ரீல் டப்பாவிலேயே இருக்கிறது, நான் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா கீழே முன்வரிசையில் இருக்கிறாள். "போகலையா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். "நீங்க வாங்க, சேந்து போலாம்" என்றாள்.

மணி ஐந்து இருபத்தெட்டு.

இப்போது கேட்டது.

மெஷின் ஓடவில்லை, திரையில் ஒன்றுமில்லை. ஆனால் கேட்டது. பஞ்சில் விழுகிற சத்தமில்லை இது. தரையில் விழுகிற சத்தம்.

எண்ணினேன், வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக எண்ணி, ஏழாவதில் என் கை போய் ஹால் லைட்டைப் போட்டது. கீழே அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்ன சொல்வேன்?

இந்தக் கடிதத்தை யாருக்கு எழுதுகிறேன்? மேலே "மகளே" என்று போட்டிருக்கிறேன். அதை அடிக்க மாட்டேன்.


மார்ச் 19

அப்பா,

உயிரோடு இருக்கிறேன். இந்த வரியை முதலில் எழுத வேண்டும் என்று தோன்றியது. உங்கள் கடிதம் வந்துகொண்டிருக்கும், நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போகும். போகட்டும்.

குதிக்கத்தான் ஏறினேன். தூணுக்குப் பின்னால் நின்று கையைக் காதுக்குக் கொண்டு போனேன். அப்போது ஒன்று தோன்றியது. காதைத் தொடுவது "அப்பா, பிடி" என்பதற்கு முன்னால் செய்வது. கீழே பிடிக்க நீங்கள் இல்லை. கால் வரவில்லை.

மேலேயே, என் காலடியில் தூணோரமாக ஒத்திகைப் பொம்மை கிடந்தது. சாக்கில் மணல் நிரப்பி, அதே வெள்ளை கவுனை மாட்டியது. கை கிடையாது, சட்டைக் கையைத் துணியால் அடைத்து ஊசி குத்தியிருப்பார்கள். அதைத் தள்ளினேன்.

மத்தளம் நின்றது. நாற்பது பேரும் எப்படியோ ஒரே நொடியில் நிறுத்தினார்கள், ஏனென்று அவர்களுக்கே தெரியவில்லை. ஹால் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டது. மரத்தரையில் மணல் மூட்டை விழுகிற சத்தம்.

மெத்தை சுண்ணாம்புக் கோட்டுக்கு ஓரடி பின்னால் இருந்தது. மெத்தைக்காரர் கோட்டையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். "வச்சேம்மா, ரெண்டு தரம் பாத்தேம்மா" என்று அழுதார். அவரை நான் நம்புகிறேன். அவர் நகர்த்தவில்லை.

நான் மேலே நின்றபடி எண்ணினேன். ஏழாவதில் எங்கள் ஹாலில் எல்லா விளக்கும் எரிந்தது. விளக்குக்காரர் அப்போது சுவிட்ச் பலகைக்குப் பக்கத்திலேயே இல்லை, என்ன சத்தமென்று பார்க்க மேடைக்கு ஓடி வந்துவிட்டிருந்தார்.

நீங்களா அப்பா?

கோஷ்டி இடம் போய்விட்டது. நடத்துநர் கையால் கதவைக் காட்டினார். இருபத்தெட்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன்.

சில்வண்டு


மார்ச் 24

அன்புள்ள சில்வண்டுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. அதை வாங்கிக்கொண்டு தபால்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். இனி அவர் நம் வீட்டுக் கடிதத்தை மதில் மேலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "குதிக்கறது நம்ம பொண்ணுன்னு மொத நாளே தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டீங்கன்னுதான் மூணாவது ஆளைக் காட்டினேன்" என்றாள். பிறகு தலையணை உறையை உதறிக்கொண்டே, "அலமாரி விஷயமும் தெரியும். நான் அப்ப கதவுகிட்டதான் நின்னேன்" என்றாள். இருபது வருடமாக இந்த வீட்டில் நான் ஒருவன்தான் ரகசியம் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

விளக்கு நான்தானா என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. போட்டது எங்கள் ஹால் விளக்கை. அவ்வளவுதான் தெரியும்.

ரீல்களை இன்று திருப்பி அனுப்ப வேண்டும். கட்டுவதற்கு முன் கடைசி ரீலை ஒரு தரம் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். போன வருடம் எடுத்த படம். நான்கு வாரத்துக்கு முன் இதே கையில் பிடித்து எண்ணியிருக்கிறேன் என்றால் நம்ப முடியவில்லை. முப்பத்தொரு படம் அப்படியே இருக்கிறது. வெள்ளை கவுனும் இருக்கிறது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கை இல்லை. அடைத்த சட்டைக் கையில் ஊசி மின்னுகிறது. அதற்கு முந்தின படங்களையும் பார்த்தேன். காதைத் தொட அங்கே யாருமில்லை.

டப்பாவை மூடி, கயிற்றை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி, இறுக்கிக் கட்டிவிட்டேன். சுவரிலிருந்த சீட்டையும் கிழித்துவிட்டேன்.

புதன்கிழமை காலை பிளாட்பாரத்தில் நிற்பேன். ரயில் நிற்கும் முன்னால் படிக்கு வந்து நிற்காதே. அப்படி நின்றாலும் பயப்படாதே, நான் கையை நீட்டிக்கொண்டுதான் நிற்பேன். ஜனங்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் ஓரடிகூட நகர மாட்டேன்.

அப்பா